உயர்த்திய ஜீப் ஏன் உதறுகிறது?

பாகூர் பக்கம் உழவு நடக்கும் நாட்களில் ஒரு சத்தம் அடிக்கடி காதில் விழும். ரோட்டவேட்டர் பூட்டிய டிராக்டர் நேராக ஓடும்வரை சத்தம் சீராக இருக்கிறது. வரப்போரம் வந்ததும் வண்டியைத் திருப்புவதற்காக ஓட்டுநர் ரோட்டவேட்டரைத் தூக்குகிறார். உடனே பின்னாலிருந்து 'கடகட'வென்று அடித்துக்கொள்ளும் சத்தம் எழுகிறது. திரும்பி வந்து கீழே இறக்கினால் அடங்கிவிடுகிறது. இஞ்சின் அதேதான், வேகமும் அதேதான். தூக்கியது மட்டுமே புதிது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் வடக்கே, கடலூர் சாலையில் இருக்கிறது நோணாங்குப்பம். சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமுக்கு விடுமுறை நாட்களில் வெளியூர் வண்டிகள் வந்து குவியும். அவற்றில் சில ஜீப்புகள் மற்ற வண்டிகளைவிட ஒரு சாண் உயர்ந்து நிற்கும். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் இப்படி உயர்த்திய பலரிடம் ஒரு குறை கேட்கலாம்: "அறுபதைத் தாண்டினால் தரையெல்லாம் அதிருது. வீல் பேலன்ஸ் பார்த்தாச்சு, அலைன்மென்ட் பார்த்தாச்சு, போகவே மாட்டேங்குது."

ரோட்டவேட்டரின் கடகடப்புக்கும் ஜீப்பின் உதறலுக்கும் காரணம் ஒன்றே. இரண்டு வண்டிகளின் அடியிலும் உள்ளங்கையில் அடங்கும் சிலுவை வடிவ இரும்புத் துண்டு ஒன்று இருக்கிறது. அதன் குணம் தெரிந்துவிட்டால், வண்டியை உயர்த்துகிறவர் எதை மாற்ற வேண்டும், எதை மாற்றிப் பயனில்லை என்பது தானாகவே விளங்கும்.

வளைந்தபடி சுழலும் தண்டு

ஜீப்பின் இஞ்சினும் கியர் பெட்டியும் வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கப்பட்டவை. சக்கரங்களோ பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் ஏறி இறங்குகின்றன. ஒரு பக்கம் அசையாதது, மறுபக்கம் ஓயாமல் அசைவது. இரண்டுக்கும் நடுவே சுழற்சியைக் கொண்டுபோவது இயக்கத் தண்டு. பட்டறையில் இதைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பார்கள்.

நான்கு சக்கர இழுவை கொண்ட ஜீப்பில் இப்படி இரண்டு தண்டுகள் உண்டு. கியர் பெட்டியை ஒட்டியுள்ள டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஒன்று முன் அச்சுக்கும், மற்றொன்று பின் அச்சுக்கும் போகிறது. ஒவ்வொரு தண்டின் இரு முனைகளிலும் ஒரு மூட்டு இருக்கும். எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு இரும்புக் கவைகளையும் அவற்றுக்கு நடுவே உள்ள ஒரு சிலுவையையும் கொண்டது அந்த மூட்டு. சிலுவையின் ஒரு கையை ஒரு கவையும், அதற்குச் செங்குத்தான இன்னொரு கையை அடுத்த கவையும் பிடித்திருக்கும். இந்தச் சிலுவையைத்தான் மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்கிறார்கள். அதன் நான்கு முனைகளிலும் ஊசிபோல மெல்லிய உருளைகளைக் கொண்ட பேரிங்குகள் இருக்கும். இந்த ஏற்பாட்டினால் தண்டு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சுழற்சி அறுபடாமல் போய்ச் சேர்கிறது.

தண்டின் நடுவில் பல்வரிசைகள் பிணைந்து ஒன்றுக்குள் ஒன்று நகரும் பகுதியும் உண்டு. சக்கரம் கீழே இறங்கினால் தண்டு நீளவும், மேலே ஏறினால் குறுகவும் இடம் தரும் இதைச் சறுக்கு இணைப்பு என்று சொல்லலாம்.

சாய்ந்தால் சீர் கெடும்

கிராஸ் சுழற்சியைக் கொண்டுபோகிறது என்பது சரி. ஆனால் அதைச் சீராகக் கொண்டுபோவதில்லை. ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

ஒரு வளையலைக் கையில் எடுத்து நேராகப் பாருங்கள். வட்டமாகத் தெரியும். சற்றே சாய்த்தால் நீள்வட்டமாகத் தெரியும். இப்போது நடுவிலிருந்து சம இடைவெளியில் கதிர்களைப் போலக் கோடுகள் புறப்படுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகள் வளையலைத் தொடும் இடங்கள் சம தூரத்தில் அமையா. நீள்வட்டத்தின் நீண்ட முனைகளில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே வளையலின் பெரிய துண்டு அகப்படும். குறுகிய பக்கங்களில் சிறிய துண்டுதான் அகப்படும்.

முதல் தண்டின் கவை சம வேகத்தில் சுழல்வது அந்தக் கோடுகள் சம இடைவெளியில் நகர்வதற்கு ஒப்பு. இரண்டாம் தண்டின் கவை ஓடும் பாதை, சாய்ந்த அந்த வளையல். ஆகவே முதல் தண்டு எவ்வளவு சீராகச் சுழன்றாலும் இரண்டாம் தண்டு ஒரே சுற்றில் இருமுறை முந்தி இருமுறை பிந்தும். முழுச் சுற்றை முடிக்கும்போது இரண்டும் ஒன்றாகவே முடிக்கும். இடையில்தான் இந்த இழுபறி.

சாய்வு குறைவாக இருந்தால் இழுபறியும் மிகக் குறைவு. சாய்வு கூடும்போது அது அதே விகிதத்தில் கூடுவதில்லை. கோணம் இரு மடங்கானால் இழுபறி ஏறத்தாழ நான்கு மடங்கு, கோணம் மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு என்று பாய்ந்து ஏறுகிறது.

டிராக்டரின் பின்புறத் தண்டான பிடிஓ வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும். ரோட்டவேட்டரைத் தூக்கும்போது மூட்டின் கோணம் 30 டிகிரியாகிவிட்டது என்று கொள்வோம். அப்போது பிடிஓவையும் ரோட்டவேட்டரையும் இணைக்கும் நடுத்தண்டின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 624 வரை ஏறி, இருமுறை 468 வரை இறங்கும். ரோட்டவேட்டரின் கனத்த கத்திகள் அந்த வேகத்துக்கு மாறி மாறிப் பணிய மறுக்கின்றன. கடகடப்பு அந்த மோதலின் சத்தம். தூக்குவதற்கு முன் பிடிஓவை நிறுத்தினால் கிராஸ் பல பருவங்களுக்கு உழைக்கும்.

சூரியன் நடத்தும் அதே கணக்கு

இத்தாலியக் கணித அறிஞர் ஜெரோலாமோ கார்டானோ 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த மூட்டைப் பற்றி எழுதியவராகக் கருதப்படுகிறார். பிரெஞ்சில் இன்றும் இதற்கு அவர் பெயரையொட்டிக் கார்டான் என்றே பெயர். ஆனால் இதன் சீரற்ற குணத்தைக் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். ஸ்பிரிங்கின் விதியால் பள்ளிப் பாடநூலில் நமக்கு அறிமுகமானவர்தான். குறையைக் கண்டதும் அவர் ஒதுக்கிவிடவில்லை. அதைப் பயன்படுத்த வழி தேடினார். இதே சீரற்ற நடை இயற்கையில் வேறோர் இடத்திலும் இருப்பது அவருக்குத் தெரிந்தது. அந்த இடம் சூரியக் கடிகாரம். 1676இல் வெளியான 'ஹெலியோஸ்கோப்ஸ்' என்ற நூலில் இந்த மூட்டை அவர் விவரித்திருக்கிறார்.

நோணாங்குப்பம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12 டிகிரியில் இருக்கிறது. அங்கே ஒரு மொட்டை மாடியில் வடக்கு நோக்கி, தரையிலிருந்து 12 டிகிரி மட்டும் நிமிர்ந்திருக்கும்படி ஒரு கம்பியை நட்டால் அது பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கும். சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி என்று ஒரே சீராக நகர்கிறது. ஆனால் கம்பியின் நிழல் தரையில் அப்படி நகர்வதில்லை. சூரியன் உச்சிக்கு வந்ததிலிருந்து முதல் ஒரு மணி நேரத்தில் அது வெறும் 3 டிகிரிதான் நகரும். மாலை ஐந்திலிருந்து ஆறுக்குள் 52 டிகிரி ஓடிவிடும். சீராகச் சுழலும் ஒன்று, சாய்ந்த தளத்தில் பதியும்போது சீரற்றுப்போகிறது. கடிகாரத்தின் நிழலுக்கும் ஜீப்பின் கிராஸுக்கும் ஒரே வடிவியல்தான். அதனால்தான் ஹூக்கின் மூட்டைக்கொண்டே நிழல் கடிகாரத்தின் மணிக்கோடுகளைக் குறிக்க முடிந்தது.

ஒரு குறையை இன்னொரு குறை தீர்க்கும்

சீரற்ற மூட்டை வைத்துக்கொண்டு உலகத்து லாரிகளெல்லாம் எப்படி ஓடுகின்றன? அதற்கும் ஹூக்கே 1683இல் வழி சொன்னார். தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மூட்டை வையுங்கள். முதல் மூட்டு முந்தும் நேரத்தில் இரண்டாவது மூட்டு அதே அளவு பிந்தட்டும். இரண்டும் கழிந்து, வெளியே வரும் சுழற்சி மீண்டும் சீராகிவிடும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். சறுக்கு இணைப்பைக் கழற்றும் முன் நல்ல மெக்கானிக்குகள் இரு பாதியிலும் உளியால் ஒரு குறி போடுவது இதற்காகத்தான். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி அதிரத் தொடங்கும். இரண்டாவது, இரு மூட்டுகளின் கோணமும் சமமாக இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளித்தண்டும் அச்சுக்குள் நுழையும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் இந்த நிபந்தனை நிறைவேறும்.

தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் இரண்டும் சரியாகவே இருக்கும். வண்டியை உயர்த்தும்போது இரண்டாவது நிபந்தனைக்குத்தான் ஆபத்து வருகிறது.

பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கணக்கு

பட்டை ஸ்பிரிங் கொண்ட பழைய ஜீப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மகிந்திரா நிறுவனம் 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கியதிலிருந்து நம் ஊர்களில் ஓடும் குடும்பம் இது. சூரியநெல்லியிலிருந்து தேனி மாவட்டத்தின் கொழுக்குமலைக்கு ஏறும் கரடுமுரடான பாதையில் பயணிகளைச் சுமப்பதும் ஜீப்புகள்தான்.

கணக்குக்காக, பின் தண்டின் இரு மூட்டுகளுக்கும் இடையே கிடைத்தூரம் 60 சென்டிமீட்டர் என்றும், பின் மூட்டு முன் மூட்டைவிட 8 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். தண்டின் கோணம் 7.6 டிகிரி. வண்டி மணிக்கு சுமார் 65 கிலோமீட்டர் ஓடும்போது இத்தகைய ஜீப்பின் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்று சுழலும். முதல் மூட்டைத் தாண்டியதும் நடுத்தண்டின் வேகம் 1,982க்கும் 2,018க்கும் இடையே ஊசலாடும். வித்தியாசம் 36 சுற்றுதான். யாருக்கும் தெரியாது.

இப்போது ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 10 சென்டிமீட்டர் உயர்த்துகிறோம். டிரான்ஸ்ஃபர் கேஸ் சட்டத்தோடு மேலே போய்விட்டது. அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 8 சென்டிமீட்டர் தாழ்வு 18 ஆகிவிட்டது. கோணம் 16.7 டிகிரி. அதே 65 கிலோமீட்டர் வேகத்தில் நடுத்தண்டு இப்போது 1,916க்கும் 2,088க்கும் இடையே ஊசலாடுகிறது. வித்தியாசம் 172 சுற்று. கோணம் இரண்டு மடங்கு சொச்சம் கூடியது, ஊசலோ ஐந்து மடங்கை நெருங்கிவிட்டது.

இந்த ஏற்றமும் இறக்கமும் ஒரு சுற்றுக்கு இருமுறை, அதாவது நொடிக்கு 67 முறை நடக்கிறது. தண்டு கனமானது. அதை நொடிக்கு 67 முறை முடுக்கவும் தடுக்கவும் வேண்டிய விசை முழுவதும் கிராஸின் ஊசி பேரிங்குகள் வழியாகத்தான் போகிறது. இரு கோணங்களும் சமமாக இருந்தால் அச்சுக்குப் போகும் சுழற்சி சீராகவே இருக்கும். ஆனால் நடுத்தண்டு தன் ஊசலிலிருந்து தப்ப முடியாது. கிராஸ்கள் சீக்கிரம் தேய்வதற்கு இது ஒன்றே போதும்.

நீளத்தையும் பார்த்துவிடுவோம். முன்பு 60.5 சென்டிமீட்டராக இருந்த தண்டு இப்போது 62.6 ஆக நீண்டாக வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இன்னும் 10 சென்டிமீட்டர் தொங்கினால் 66.2 வேண்டும், கோணமும் 25 டிகிரியைத் தொடும். சறுக்கு இணைப்பில் அந்த அளவு இடமில்லையென்றால் பல்வரிசைகளின் பிடி குறைந்துகொண்டே போகும். பள்ளத்தில் முழு விசையும் வரும் நேரத்தில் தண்டு கழன்றும் விழலாம்.

ஆப்பு செய்யும் வேலை

உயர்த்திய வண்டியின் உதறலைப் போக்கப் பல பட்டறைகளில் செய்வது, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஆப்பு வடிவ இரும்புத் தகடு ஒன்றைச் செருகுவது. அச்சு சுழன்று பினியன் மூக்கு தண்டை நோக்கி நிமிரும். பின் மூட்டின் கோணம் 16.7இலிருந்து ஒன்றிரண்டு டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு மூட்டை நேராக்கிவிட்டோம், பாதித் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும்.

உண்மையில் தொல்லை இப்போதுதான் முழுதாகிறது. முன் மூட்டு இன்னும் 16.7 டிகிரியில் இருக்கிறது. அது உண்டாக்கும் 172 சுற்று ஊசலை எதிர்த்துக் கழிக்க வேண்டிய பின் மூட்டு நேராகிவிட்டதால் கழிக்கும் வேலையைச் செய்வதில்லை. இதுவரை நடுத்தண்டுக்குள் அடங்கியிருந்த ஊசல் அப்படியே அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பற்களுக்கும் சக்கரத்துக்கும் போகிறது. வண்டியின் தரை அதிர்வதன் காரணம் இதுதான். சாதாரணத் தண்டு உள்ள வண்டிக்கு ஆப்பு வைப்பதென்றால் இரு கோணங்களையும் சமமாக்கத்தான் வைக்க வேண்டும், ஒன்றை மட்டும் பூஜ்ஜியமாக்க அல்ல.

இரட்டை மூட்டு

சரியான மேம்பாடு இரட்டை மூட்டுத் தண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் முனையில் ஒரு கிராஸுக்குப் பதிலாக இரண்டு கிராஸ்கள் அடுத்தடுத்து இருக்கும். நடுவில் ஒரு சிறு குண்டு, இரண்டும் கோணத்தைச் சரிபாதியாகப் பங்கிடும்படி பிடித்துக்கொள்ளும். ஹூக் சொன்ன இரண்டு மூட்டுகளை ஒரே முனையில் நெருக்கி வைத்த அமைப்பு இது.

நம் கணக்கில் 16.7 டிகிரி இப்போது 8.35 ஆக இரண்டாகப் பிரிகிறது. ஊசலாடுவது இரு கிராஸ்களுக்கும் இடையிலுள்ள குட்டையான துண்டு மட்டுமே. அதுவும் சுமார் ஒரு சதவீத அளவுக்குத்தான். நீண்ட தண்டு சீராகச் சுழலும். பின் முனையில் ஒரு மூட்டுதான் இருப்பதால், அதை ஏறத்தாழ நேராக வைத்தாக வேண்டும். மேலே தொல்லை தந்த அதே ஆப்பு இந்த அமைப்பில் சரியான மருந்தாகிறது.

பினியனை முழுக்க நேராக்காமல் ஒன்றிரண்டு டிகிரி தாழ்த்தி விடுவதுண்டு. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது அச்சு முறுக்கிக்கொண்டு பினியன் மூக்கு கொஞ்சம் நிமிரும் என்பது ஒரு காரணம். ஊசி பேரிங்குகளின் நலன் இன்னொரு காரணம். கோணமே இல்லாவிட்டால் ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று அழுத்தும். நாளடைவில் அந்த இடத்தில் பள்ளம் விழும். அதனால் கிராஸுக்குச் சிறு சாய்வும் தேவைதான்.

தடித்த தண்டு போதுமா?

பெரிய டயரும் குறைவேக கியரும் சேர்ந்து பாறையில் சக்கரம் மாட்டிக்கொள்ளும்போது தண்டின் முறுக்கு மிக அதிகமாகும். அங்கே கனமான கிராஸும் அகலமான குழாயும் நிச்சயம் உதவும். தண்டுகளைக் குழாயாகச் செய்வதற்குக் காரணம் உண்டு. முறுக்கைத் தாங்குவது பெரும்பாலும் வெளிவட்டத்து உலோகம்தான். நடுவில் உள்ளது எடையைத்தான் கூட்டும்.

ஆனால் எவ்வளவு தடித்த தண்டானாலும் 16.7 டிகிரிக்கு அதே சதவீத ஊசலைத்தான் தரும். ஊசலின் அளவைத் தீர்மானிப்பது கோணம் மட்டுமே. கோணத்தைச் சரிசெய்யாமல் தண்டைக் கனமாக்கினால், அதிரும் எடை கூடி பேரிங்குகளுக்குச் சுமைதான் ஏறும். முதலில் கோணம், அடுத்து நீளம், கடைசியில் கனம் என்பதே சரியான வரிசை.

புதிய வண்டிகளில் வேறு மூட்டு

2020இல் வந்த மகிந்திரா தார் வண்டியின் முன் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்குபவை. அவற்றுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் குட்டைத் தண்டுகளில் கிராஸ் இல்லை. சமவேக மூட்டு என்ற வேறு வகை இருக்கிறது. பிரான்ஸில் 1920களில் பியர் ஃபெனாய் 'டிராக்டா' என்ற சமவேக மூட்டை உருவாக்கினார். அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ரெப்பா ஆறு எஃகுக் குண்டுகளைக் கொண்ட மூட்டை உருவாக்கினார். இன்றைய கார்களில் பரவலாக இருப்பது ரெப்பாவின் வழித்தோன்றல்தான். குண்டுகள் எப்போதும் இரு தண்டுகளின் கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்திலேயே நிற்கும்படி அதன் பள்ளங்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அதனால் முந்துவதும் பிந்துவதும் அதில் இல்லை.

இந்த வகை வண்டியை உயர்த்தினால் உதறல் உடனே தெரியாமல் போகலாம். ஆனால் கோணம் கூடும்போது குண்டுகள் அதிக தூரம் உரசும், சூடேறும். மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழியும். கிழிந்த வழியே கிரீஸ் வெளியேறி, கடற்கரை மணல் உள்ளே போனால் மூட்டின் ஆயுள் முடிந்தது.

உயர்த்தும் முன்

எல்லா உயரமும் தண்டின் கோணத்தைக் கூட்டுவதில்லை. பெரிய டயர் போட்டால் அச்சும் சேர்ந்து உயரும், கோணம் மாறாது. சட்டத்துக்கும் கூட்டுக்கும் நடுவே கட்டை கொடுத்து மேல்கூட்டை மட்டும் தூக்கினாலும் மாறாது. ஸ்பிரிங்கை உயர்த்தும்போதுதான் மாறுகிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் தரையில் முதலில் தட்டும் அச்சின் குண்டுப் பகுதி ஒரு மில்லிமீட்டர்கூட மேலே போவதில்லை. அதைத் தரையிலிருந்து உயர்த்துவது டயர் மட்டுமே.

போக்குவரத்துச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. கடலூர் சாலையிலும் கடற்கரைக்குப் போகும் வழியிலும் ஓட்டுவதற்குத் தொழிற்சாலை தந்த உயரமே போதும். பொதுச்சாலைக்கு வராத பந்தய வண்டியையோ, தனியார் தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் வண்டியையோ வைத்திருப்பவர்தான் உயர்த்தும் செலவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்படி யோசிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. பட்டறைக்குப் போனதும் எத்தனை அங்குலம் உயர்த்தலாம் என்று கேட்காதீர்கள். உயர்த்திய பின் முன் மூட்டின் கோணம் என்ன, பின் மூட்டின் கோணம் என்ன, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது சறுக்கு இணைப்பில் எவ்வளவு பிடி மிஞ்சும் என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றையும் அளந்து எண்ணாகச் சொல்பவரிடம் மட்டும் வண்டியை ஒப்படையுங்கள்.